சூடம் காட்டிய வண்டி

கக்கூசுக்குச் சூடம் காட்டிய கதையை வேறு எந்தத் தோட்டத்திலும் கேட்டிருக்க மாட்டீர்கள். ரெம்பாவிலிருந்து உள்ளே போனால் வரும் சின்னப் பாலத்துத் தோட்டத்தில் காட்டினார்கள். தேங்காய் உடைத்து, பூசணிக்காய் சுற்றி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து முறையாகக் காட்டினார்கள். கும்பிட்டவர்களில் முன் வரிசையில் நின்றவள் புஷ்பவள்ளி. அந்தக் கக்கூசைத் தோட்டத்துக்குக் கொண்டுவர நாயாய் அலைந்தவளும் அவளேதான்.

புஷ்பவள்ளி எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் மருந்தடிக்கும் பெண்களுக்கு மண்டோர், அதாவது வேலை வாங்கும் கங்காணி. ஆம்பளைதான் மண்டோர் என்றிருந்த தோட்டத்தில் அந்தப் பெயரை வாங்க அவள் பட்ட பாடு தனிக் கதை. வாய் நீளம், நடை வேகம், மேனேஜரே ஆனாலும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள். ஒரே ஒருவர் முன்னால் மட்டும் அந்த வாய் திறக்காது. அவள் புருஷனின் அண்ணன், டிராக்டர் ஓட்டும் மணியம்.

பயம் இல்லை, மரியாதை. மூத்தார் எதிரே உட்காரக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது என்று கல்யாணமாகி வந்த நாளில் மாமியார் பழக்கியது. தோட்டத்தில் மற்ற வீடுகளில் இந்தப் பழக்கம் எப்போதோ காணாமல் போய்விட்டது. தம்பி பெண்டாட்டிகள் மூத்தாரோடு சரிக்குச் சரி உட்கார்ந்து டிவியில் நாடகம் பார்க்கிறார்கள். இந்த இருவர் மட்டும் விடுவதாக இல்லை. மணியம் அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் டிராக்டரைப் பார்த்துச் சொல்வார்.

"நாளைக்குப் பாலத்துக்கு அந்தாண்ட வேலையாம். தண்ணி டாங்கி அங்கதான் வேணுமாம்."

புஷ்பவள்ளி கையிலிருக்கும் வாளியைப் பார்த்துப் பதில் சொல்வாள்.

"ஆமா. வெள்ளனவே வந்துட்டா நல்லது."

டிராக்டரும் வாளியும் இப்படிக் குசலம் விசாரித்துக்கொள்வதைப் பார்த்து மற்ற பெண்கள் தோளில் கிடக்கும் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பார்கள். இத்தனை வருஷத்தில் இருவருக்கும் இடையே ஒரு சண்டை வந்ததில்லை. பேசினால்தானே சண்டை வரும்.

வெயில் கதைக்கு வருவோம். பழைய செம்பனை மரங்களைச் சாய்த்துவிட்டுத் தோட்டம் புதுக் கன்று நட்டது. மரம் இருந்தவரை நிழல் இருந்தது, ஒதுங்க ஒரு மறைவும் இருந்தது. இப்போது கண்ணுக்கு எட்டிய தூரம் முழங்கால் உயரக் கன்றும் செம்மண்ணும்தான். வெயிலோ வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போகிறது. விடிகாலையில் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து காட்டில் இறங்கினால், பசியாறும் நேரத்துக்குள் முதுகு வேக ஆரம்பித்துவிடும். முதுகில் மருந்து நிரப்பிய தோம்பு, முகத்தில் துணி, காலில் ரப்பர் பூட்ஸ். அப்படி ஒரு நாள் புஷ்பவள்ளியோடு மருந்தடிக்கும் தாயம்மா நின்ற இடத்திலேயே சரிந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். தண்ணீர் குடிக்க வேண்டும். அடுத்த தடவை இப்படி விழுந்தால் கிட்னி தாங்காது.

தாயம்மா விழுந்த செய்தி கைபேசியில் சுற்றிச் சுற்றிக் கோலாலம்பூர் வரை போனது. அங்கே பெண்கள் நிதியகம் ஒன்று இருக்கிறது. வெயிலும் வெள்ளமும் கூடிவரும் காலத்தில் அவை பெண்களை எப்படி அடிக்கின்றன என்று பெண்களிடமே கேட்டு, அவர்கள் சொல்லும் வழிக்கே பணம் கொடுப்பதுதான் அவர்கள் வேலை. அங்கிருந்து வந்தவள் ரஜியா. சிரம்பானில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண். கோயில் மண்டபத்தில் பெண்களைக் கூட்டி வைத்து, என்ன வேண்டும் என்று கேட்டாள். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு "தண்ணி" என்றார்கள். நல்ல பெரிய பாட்டில்கள் வந்தன. காலையில் ஐஸ் போட்டால் சாயங்காலம் வரை குளிர்ந்தே இருக்கும் ரகம்.

கொஞ்ச நாள் கழித்து ரஜியா மறுபடி வந்தபோது தாயம்மா வீட்டு வாசலில் நின்று, அந்தப் பாட்டில் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் புஷ்பவள்ளியும் அதே வேலையாகத்தான் இருந்தாள். காட்டுக்குப் போன தண்ணீர் ஒரு சொட்டுக் குறையாமல் வீட்டுக்கு வந்திருந்தது.

"என்னக்கா இது, நீங்க குடிக்கலையா?" என்றாள் ரஜியா.

தாயம்மா செடியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"குடிச்சா எங்க போறது?"

புஷ்பவள்ளி ஊற்றுவதை நிறுத்திவிட்டாள். அவளும் அப்படித்தான். எல்லாரும் அப்படித்தான். காலையில் ஒரு வாய் கோப்பி, அதோடு வீடு திரும்பும் வரை வாயைக் கட்டிவிடுவது. சுற்றிலும் ஆம்பளைகள் வேலை செய்யும் வெட்டவெளியில் எந்தக் கன்றுக்குப் பின்னால் உட்காருவது? மணியத்தின் மனைவி பாஞ்சாலையும் இப்படித்தான் மருந்தடித்தாள், கிட்னி போய்த்தான் செத்தாள். இனிப்பு நீர், சர்க்கரை வியாதிதான் காரணம் என்று எல்லாரும் சொன்னார்கள். புஷ்பவள்ளிக்கு அதில் என்றுமே முழு நம்பிக்கை வந்ததில்லை. ஆனால் இதை வெளியே சொல்லலாம் என்று அன்று வரை அவளுக்குத் தோன்றவே இல்லை. வெயிலைப் பற்றிக் கேட்டவளிடம் போய் ஒண்ணுக்குப் போவதைப் பற்றியா பேசுவது?

"இதைத்தான்க்கா நான் கேட்டேன்," என்றாள் ரஜியா. "இதுவும் வெயில் பிரச்சினைதான் லா. நீங்களே சொல்லுங்க, என்ன செஞ்சா சரியா வரும்?"

அதற்கப்புறம் வாய் திறந்தது. ஒரே இடத்தில் கட்டினால் பிரயோசனமில்லை, இன்றைக்கு இங்கே வேலை, நாளைக்கு அந்த மலைச்சரிவில். சக்கரம் வேண்டும், டிராக்டர் இழுக்க வேண்டும். மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினாள் புஷ்பவள்ளி. இரண்டு பக்கமும் விரியும் நிழல் துணி, உட்காரப் பலகை, தண்ணீர்த் தொட்டி, பின்னால் உள்ளே தாழ்ப்பாள் போட்ட ஓர் அறை. ரஜியா அதைப் படம் பிடித்துக்கொண்டு போனாள். நிதியகம் பணம் கொடுத்தது. சுங்கை காடுட்டில் ஒரு பட்டறையில் வண்டி உருவானது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பெண்கள் பிடிவாதமாக இருந்தார்கள். வண்டி மேல் எதுவும் எழுதக் கூடாது, பாவாடை போட்ட பொம்மைப் படமும் கூடாது. வீட்டு ஆம்பளைகளிடம் அதற்கு "நிழல் வண்டி" என்று பேர் வைத்தார்கள். வெயிலுக்கு நிழல், அவ்வளவுதான். பின்னால் இருக்கும் அறை என்ன என்று யாரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. நல்ல சாமர்த்தியம் என்று தங்களையே மெச்சிக்கொண்டார்கள். அந்தச் சாமர்த்தியம்தான் ஆப்பு வைத்தது.

வண்டியைப் பட்டறையிலிருந்து இழுத்து வந்தவர் மணியம். வெள்ளிக்கிழமை சாயங்காலம், நேரே கோயில் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். புது லோரியோ, மோட்டாரோ, சைக்கிளோ, சக்கரம் வைத்தது எதுவானாலும் மாரியம்மன் முன்னால் பூசை போடாமல் ரோட்டில் விடுகிற வழக்கம் இந்தத் தோட்டத்தில் இல்லை. பெண்கள் விஷயம் தெரிந்து ஓடி வருவதற்குள் வண்டிக்குச் சாமந்தி மாலை விழுந்திருந்தது. பக்கவாட்டில் திருநீற்றுப் பட்டை, நடுவில் சந்தனம் குங்குமம். பின்னால் அந்த அறைக் கதவின் மேல், சட்டம் போட்ட அம்மன் படத்தை மணியம் தம் கையாலேயே திருகாணி வைத்து முடுக்கிக்கொண்டிருந்தார்.

புஷ்பவள்ளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் யாரிடம்? மூத்தாரிடம். எதை? கக்கூசு என்பதை. அதுவும் ஊரே கூடி நிற்கும்போது, சூடத்தட்டை அவர் கையில் வைத்திருக்கும்போது. அவள் தாயம்மாவைப் பார்த்தாள், தாயம்மா இவளைப் பார்த்தாள். அதற்குள் மணி அடித்தது. சூடம் எரிந்தது. தட்டு தங்கள் பக்கம் வந்தபோது எல்லாப் பெண்களும் கையை நீட்டி ஒத்திக் கண்ணில் வைத்துக்கொண்டார்கள். புஷ்பவள்ளியும் வைத்துக்கொண்டாள்.

சூடம் காட்டிய இடத்தில் எப்படி ஒண்ணுக்குப் போவது?

மறுநாள் வண்டி காட்டுக்குப் போனது. நிழல் துணி விரிந்தது. பெண்கள் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு ஏறி, பலகையில் ஒடுங்கி உட்கார்ந்து பசியாறினார்கள். தொட்டித் தண்ணீரில் கை கழுவினார்கள். பின் அறைக்குள் ஒருத்தியும் போகவில்லை. கதவு வரை போனவர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். யாரோ தினமும் ஒரு செம்பருத்திப் பூ வைக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் ஒருநாள் ஊதுபத்தி வாசம் வந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் உண்டியலும் வைத்திருப்பார்கள்.

புஷ்பவள்ளி ஒருமுறை துணிந்து தாழ்ப்பாளில் கை வைத்தாள். தலைக்கு மேலே அம்மன் கண்ணை அகல விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வருஷா வருஷம் இவள் பால்குடம் எடுக்கிற அதே அம்மன். கை தானாகக் கீழே இறங்கிவிட்டது.

மணியத்தின் போக்கும் விளங்கவில்லை. காலையில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார், கொக்கியைக் கழற்றுவார், டிராக்டரை ஓட்டிக்கொண்டு எங்கோ தூரத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். நாளுக்கு நாள் அந்தத் தூரம் கூடிக்கொண்டே போனது. சாமி வண்டி பக்கத்தில் டீசல் புகை படக் கூடாதென்று ஒதுங்கி நிற்கிறார், அவ்வளவு பக்தி என்றாள் தாயம்மா. புஷ்பவள்ளிக்கு இன்னும் பாரமாகிவிட்டது. இப்படிப்பட்ட மனிதரிடம் போய் எப்படிச் சொல்வது?

புருஷனிடம் கெஞ்சினாள். "உங்க அண்ணன்தானே, நீங்க பதமா எடுத்துச் சொல்லுங்களேன்."

அவன் சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எங்கண்ணன் சூடம் காட்டினதைக் கக்கூசுன்னு நான் போய்ச் சொல்லவா? ஆள விடு தாயே."

ரஜியா போனில் கேட்டபோதெல்லாம் "நல்லா இருக்கு, எல்லாரும் போறாங்க" என்று புஷ்பவள்ளி புளுகினாள். வேறென்ன சொல்வது? சொன்ன நாளெல்லாம் சோறு இறங்கவில்லை.

இந்த லட்சணத்தில் தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி தர்மேந்திரன் ஆபீஸிலிருந்து மோட்டாரில் வந்து இறங்கினார். மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார். வண்டியை இழுக்க டிராக்டரைக் கொடுப்பதால் உர வேலை தாமதமாகிறது. ஒரு மாதம் பார்ப்போம் என்று பேச்சு. மாதம் முடியப் போகிறது, கீழே இருக்கும் கழிவுத் தொட்டியைத் திறந்து பார்த்தால் புதுச் சட்டி மாதிரி காய்ந்து கிடக்கிறது.

"யாருமே போறதில்லையாமே," என்றார் தர்மேந்திரன். "மேனேஜர் வண்டியத் திருப்பி அனுப்பச் சொல்லிட்டாரு. நாளைக்கு அந்த நிதியகத்து மிஸ் வர்றாங்கல்ல, அவங்ககிட்டயே சொல்லிடுவாராம். கோலா பிலா பக்கம் இன்னொரு தோட்டத்துல பொம்பளைங்க இதுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்களாம்."

அன்று மத்தியானம் தாயம்மாவுக்குத் தலை சுற்றியது. விழவில்லை, தோம்போடு குந்தி உட்கார்ந்துவிட்டாள். உதடெல்லாம் வெடித்திருந்தது. புஷ்பவள்ளி பாட்டிலை வாயருகே கொண்டுபோனாள். தாயம்மா இரண்டு மடக்குக் குடித்துவிட்டுக் கையால் தடுத்தாள்.

"போதும் லா. அப்புறம் அவசரம் வந்துச்சுன்னா?"

வண்டி பத்தடி தள்ளி மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டிருந்தது. புஷ்பவள்ளிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. வண்டி போய்விட்டால் இன்னொன்று வராது. தாயம்மா அடுத்த வெயிலைத் தாண்ட மாட்டாள்.

மறுநாள் ரஜியா காட்டுக்கே வந்துவிட்டாள். சிரம்பானில் தன் அத்தா கடையில் ரொட்டி சானாய் தின்று, இரண்டு தே தாரேக் டீ, வழியெல்லாம் தண்ணீர் என்று நன்றாகக் குடித்துவிட்டு வந்திருந்தாள். வெயிலில் போகிறோமே என்ற முன்னேற்பாடு. பெண்களோடு நிரை நிரையாக நடந்தாள், படம் எடுத்தாள், பேசினாள். கொஞ்ச நேரத்தில் பேச்சு குறைந்தது. கால் மாற்றி கால் வைத்து நின்றாள்.

"அக்கா, நான் கொஞ்சம் டாய்லெட் போய்ட்டு வந்துடறேன்," என்று வண்டியின் பின்பக்கம் போனாள்.

பெண்கள் எல்லாரும் மருந்தடிப்பதை நிறுத்திவிட்டார்கள். ரஜியா கதவருகே போய் நின்றாள். அம்மன் படத்தைப் பார்த்தாள், குங்குமத்தைப் பார்த்தாள், கதவடியில் கிடந்த செம்பருத்தியையும் ஊதுபத்திச் சாம்பலையும் பார்த்தாள். நீட்டிய கையை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"அக்கா, இது உங்க சாமி வண்டியா ஆயிடுச்சா?" குரலில் குற்றம் இல்லை, குழப்பம்தான். "எனக்குத் தெரியாம போச்சு. பரவால்ல, நான் வேற இடம் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டு, அந்தப் பெண் கொளுத்தும் வெயிலில் கன்றுகளுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தாள். ஒரு புதருக்காகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எங்கே இருக்கிறது புதர்? தூரத்தில் உரம் போடும் ஆம்பளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். ரஜியா இன்னும் தள்ளி நடந்தாள். ஊரெல்லாம் பெண்களுக்கு வழி தேடிக் கொடுக்கிற பெண்ணையும் கடைசியில் நம்மைப் போலவே காட்டில் அலைய விட்டோமே என்று புஷ்பவள்ளிக்கு மானம் போனது. முதுகுத் தோம்பைக் கழற்றிக் கீழே வைத்தாள். மணியம் இருக்கும் திசையைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள்.

அவர் ஓடைக்கு அந்தப் பக்கம், டிராக்டர் சக்கரத்தின் துளி நிழலில், தலையில் ஈரத் துண்டோடு குந்தியிருந்தார். இவள் வருவதைப் பார்த்ததும் பதறி எழுந்து டயரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"ஏதோ வேணும் போலிருக்கு," என்றார் டயரிடம்.

புஷ்பவள்ளி பதில் சொல்ல வாளியைத் தேடினாள். கையில் வாளி இல்லை. பார்ப்பதற்கு எதுவுமே இல்லை. அதனால் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மாமா, உங்ககிட்டதான் பேசணும்."

மணியம் திடுக்கிட்டுத் திரும்பினார். மீசை இவ்வளவு நரைத்துவிட்டதா என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அந்த வண்டியில பின்னாடி இருக்கிற ரூம்பு, அது கக்கூசு மாமா. வெக்கப்பட்டுக்கிட்டு உங்ககிட்ட யாரும் சொல்லல. நீங்க தெரியாம சூடம் காட்டிட்டீங்க. இப்ப ஒருத்தியும் உள்ள போக மாட்டேங்கிறா. தண்ணியும் குடிக்க மாட்டேங்கிறா. வண்டிய வேற எடுத்துட்டுப் போகப் போறாங்க. தப்பு எங்க மேலதான். நீங்க மனசு வருத்தப்படக் கூடாது."

மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது.

மணியம் தலைத் துண்டை எடுத்துப் பிழிந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"தெரியாமலா?"

அவள் நிமிர்ந்தாள்.

"சுங்கை காடுட்டுல இருந்து அதை இழுத்துட்டு வந்தது யாரும்மா? பட்டறையில அந்தப் பீங்கானை வச்சு முடுக்குறப்ப இந்தப் பக்கம் புடிச்சிக்கிட்டு நின்னவனே நான்தான். நிழல் வண்டிக்கு எதுக்குய்யா பீங்கான்னு கேக்க எனக்குப் புத்தி இல்லாமயா போச்சு?"

"அப்புறம் எதுக்கு மாமா பூச போட்டீங்க?"

மணியம் பிழிந்த துண்டை உதறினார்.

"பாஞ்சாலை இதே காட்டுலதான் மருந்தடிச்சா. நான் தண்ணி டாங்கிய இழுத்துக்கிட்டு அவ பக்கத்துலயே போவேன். ஒரு வாய் குடியேன்டின்னு கத்துவேன். குடிக்க மாட்டா. திமிருன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுதான் சொன்னா, ஏன் குடிக்கலேன்னு. சொல்ல அவளுக்கு வெக்கம். கேக்க எனக்குத் தெரியல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவளுக்குக் கெடைக்காதது உங்களுக்குக் கெடைச்சிருக்கு. அதுக்குக் காட்டாம வேற எதுக்கும்மா சூடம் காட்டுறது?"

புஷ்பவள்ளி கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள்.

"கதவு மேல அம்மன் படம் இருக்கே மாமா. எப்படிப் போறது?"

"அம்மன் எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கா?"

"வெளிய."

"உள்ளயா மாட்டுனேன்? உள்ள ஒரு பொம்பள தனியா இருக்கா, வெளிய ஒரு காவல் வேணாமா? அதுக்குத்தான் வச்சேன்." இப்போது அவர் குரலில் கொஞ்சம் எரிச்சலே வந்தது. "நீங்க போகாம இருக்கறது என்னாலதான்னு நெனச்சிக்கிட்டு இருக்கேன் நான். மூத்தாரு பக்கத்துல நிக்கிறானே, எப்படிப் போவாங்கன்னு தினமும் தள்ளித் தள்ளி நிறுத்திப் பாத்தேன். இதுக்கு மேல தள்ளினா கோலா பிலாதான்."

புஷ்பவள்ளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பக்தி என்று இவர்கள் அளந்த தூரமெல்லாம் இதற்குத்தானா? பாவம், இந்த மனிதர் இவர்கள் ஒண்ணுக்குப் போவதற்காக ஒரு மாதமாக வெயிலில் காய்ந்திருக்கிறார். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல் யாரோ தூக்கிப் போட்ட மாதிரி இறங்கியது. மணியமும் மீசைக்குள் சிரித்தார். அண்ணனும் தம்பியும் ஒரே மாதிரிச் சிரிப்பு என்பதும் அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

திரும்பி வந்தபோது ரஜியா புதர் கிடைக்காமல் வண்டிப் படியில் முழங்காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"போம்மா, போ. மொதல்ல நீ போ. எல்லாம் சொல்றேன்," என்றாள் புஷ்பவள்ளி.

ரஜியா இரண்டாம் முறை கேட்கவில்லை. ஓட்டமும் நடையுமாகப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அவள் வெளியே வருவதற்குள் மணியம் சொன்னதை எல்லாம் புஷ்பவள்ளி பெண்களிடம் ஒப்பித்துவிட்டாள். பாஞ்சாலை பேச்சு வந்த இடத்தில் ஒருத்தி விசும்பினாள். கோலா பிலா வந்த இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. வெளியே வந்த ரஜியாவும் முகம் தெளிந்து அவர்களோடு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குச் சரி, நமக்கு? அந்தக் கேள்வி ஒவ்வொரு முகத்திலும் இருந்தது.

தாயம்மாதான் எழுந்தாள். பூட்ஸைக் கழற்றினாள். கதவருகே போய் அம்மன் கண்ணையே உற்றுப் பார்த்தாள். அந்தக் கண் தன்னைத் தாண்டி, தூரத்தில் உரம் போட்டுக்கொண்டிருந்த ஆம்பளைகளை முறைத்துக்கொண்டிருப்பது அவளுக்கு இப்போது தெரிந்திருக்க வேண்டும். சட்டத்தைத் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொண்டாள்.

"கொஞ்சம் பாத்துக்க தாயே, இதோ வந்துடறேன்," என்றாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதைப் போல. உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

அப்போதுதான் டிராக்டர் வந்தது. மணியம் வண்டிக்குக் கொஞ்சம் தள்ளி, இவர்களுக்கு முதுகைக் காட்டி நிறுத்தினார். இறங்கவில்லை. நிறுத்திய டிராக்டரின் இன்ஜினைப் போட்டு முறுக்கு முறுக்கென்று முறுக்க ஆரம்பித்தார். காடே அதிர்ந்தது. ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டு, பெரியவருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். புஷ்பவள்ளிக்குத்தான் முதலில் பிடிபட்டது. வண்டிச் சுவர் தகரம். உள்ளே விழும் சத்தம் வெளியே யாருக்கும் கேட்கக் கூடாது.

தாயம்மா வெளியே வந்தபோது அவள் முகத்தில் இருந்ததைச் சொல்லத் தெரியவில்லை. காய்ச்சல் விட்ட குழந்தை முகம் அது. நேரே தொட்டிக்குப் போய்ப் பாட்டிலை நிரப்பி, நின்ற நிலையில் பாதிப் பாட்டிலைக் குடித்தாள். அதற்கப்புறம் வரிசை நின்றது. சாமி கும்பிட நிற்கும் வரிசையை விட நீளம்.

வண்டி தோட்டத்தை விட்டுப் போகவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ரஜியா மேனேஜரிடம் ஒரு வாரம் தவணை வாங்கினாள். அடுத்த வாரம் தொட்டியைத் திறந்து பார்த்த தர்மேந்திரன் மூக்கைப் பொத்திக்கொண்டு மூன்றடி பின்னால் நகர்ந்தார். மேனேஜரிடம் அவர் வேறு சாட்சி சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோலா பிலாவில் காத்திருந்த பெண்களுக்கு நிதியகம் இன்னொன்று செய்து கொடுத்தது.

ஆனால் அன்றைக்கு யாரும் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. வரிசையில் கடைசியாக நின்றவள் புஷ்பவள்ளி. மண்டோர் என்பதால் எல்லாரையும் அனுப்பிவிட்டு நின்றாள். காத்திருந்த நேரத்தில் ஒரு பாட்டில் முழுதும் குடித்து முடித்திருந்தாள், எல்லாரும் பார்க்கும்படி. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். இருபத்தாறு வருஷமாக இந்தக் காட்டில் உழைக்கிறாள். இங்கே முதல் தடவையாக, முன்னே பின்னே பார்க்காமல், அவசர அவசரமாகப் பாதியில் எழாமல், ஆற அமர உட்கார்ந்தாள். அப்போதுதான் அழுகை வந்தது. அடக்கவில்லை, வாய்விட்டே அழுதாள். வெளியே மணியம் இன்ஜினை முறுக்கிக்கொண்டே இருந்தார், ஒருவருக்கும் கேட்கவில்லை.